மூன்றாவது விடை

வசுமதிக்குக் கவலைப்படக் காரணம் வேண்டியதில்லை. காரணம் தானாக வந்து சேர்ந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குக் கூடுதல் வேலை, அவ்வளவுதான். கேஸை அணைத்தோமா என்று சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று யோசிப்பாள். அணைத்தது ஞாபகம் வந்துவிட்டால், அப்படியானால் கதவைப் பூட்டவில்லையோ என்று அடுத்ததை ஆரம்பிப்பாள். அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் கொஞ்ச தூரம்தான். அதற்குள் அவள் மனசில் ஒரு வீடு எரிந்து, ஒரு திருட்டு நடந்து, போலீஸ் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டும் போயிருக்கும். இறங்கும்போது முகம் வாடித்தான் இறங்குவாள்.

இத்தனைக்கும் செங்கல்பட்டில் அவள் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் அவளைப்போல ஒரு நர்ஸ் கிடையாது என்று டாக்டர்களே சொல்வார்கள். கவலைப்படுகிற ஆள் கையில் மருந்தைக் கொடுத்தால் அது கட்டில் மாறிப் போகாது. நோயாளியின் பெயரைக் கேட்பாள், மணிக்கட்டில் கட்டிய பெயர்ப் பட்டையைப் பார்ப்பாள், மறுபடியும் பெயரைக் கேட்பாள். "எத்தினி வாட்டிதாம்மா பேரு சொல்றது, பேர மாத்திக்கவா?" என்று நோயாளிகள் சலித்துக்கொள்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவையும் கேட்பாள்.

பிறந்து வளர்ந்தது புதுப்பட்டினம். அப்பா அங்கே மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார். சாயந்திரமானால் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து அணுமின் நிலைய ஊழியர்களின் குடும்பங்கள் பையை எடுத்துக்கொண்டு வரும். பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த ஜனம், தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். அப்பாவுக்கு அது புரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளிடம், "இன்னா பேசிக்கிறாங்க?" என்று கிசுகிசுப்பார். தமிழ் மீடியத்தில் ஆறாவது படிக்கிற மகளுக்கு மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது! ஆனால் தெரியாது என்றால் மரியாதை என்ன ஆவது? காய் வாங்க வந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள், கையிலிருக்கும் கத்திரிக்காயைப் பார்ப்பாள், "சொத்தைன்னு சொல்றாங்க நைனா" என்பாள். அப்பா மனசு நொந்து நாலு காயைச் சேர்த்துப் போடுவார். அவர்கள் பிள்ளையின் பரீட்சையைப் பற்றிப் பேசியிருக்கலாம், மாமியார் ஊரிலிருந்து வருவதைப் பற்றிப் பேசியிருக்கலாம். சும்மா கிடைத்த காயோடு சந்தோஷமாகப் போவார்கள். புரியாத பேச்சை எல்லாம் கெட்ட பேச்சாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் கடையில்தான் ஆரம்பித்தது.

ப்ளஸ் டூ முடித்து நர்சிங் சேர்ந்தபோது எல்லாம் இங்கிலீஷ். அர்த்தம் புரிகிறதோ இல்லையோ, பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து ஒப்பித்துத் தேறினாள். வேலைக்கு வந்தபிறகு மனப்பாடம் செய்தது மெல்ல மெல்ல அர்த்தத்தோடு ஒட்டிக்கொண்டது. கல்யாணம் ஆயிற்று. புருஷன் பிரவின்குமார் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பையன். தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். மூன்று வார்த்தையில் சொல்லவேண்டியதை ஒரு வார்த்தையில் சொல்வான். ஒரு வார்த்தையில் சொல்லவேண்டியதைச் சொல்லவே மாட்டான். கவலைப்படுகிறவளுக்கு இப்படி ஒரு புருஷன் வாய்த்தால் என்ன ஆகும்? அவன் சொல்லாததை எல்லாம் அவள் சொல்லிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. ஒரே மகள் சஹானா, மூன்றாவது படிக்கிறாள்.

இந்த வசுமதிக்குத்தான் அயர்லாந்து போகவேண்டும் என்று ஆசை வந்தது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. முதல் வருஷம் தனியாகப் போகவேண்டும், பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். கூடப் படித்தவர்கள் நாலைந்து பேர் போய்விட்டார்கள். அவளுக்கும் போகவேண்டும். வார்டில் இத்தனை வருஷம் நின்று நின்று கால் நரம்பு சுருண்டதுதான் மிச்சம், ஒருமுறையாவது நம் படிப்புக்கு மதிப்பு இருக்கிற இடத்தில் வேலை பார்க்கவேண்டும் என்று மனசார ஆசைப்பட்டாள். ஆசைப்பட்ட மறுநிமிஷமே பயப்படவும் ஆரம்பித்தாள்.

போவதற்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். கேட்பதிலும் பேசுவதிலும் அவளுக்குத் தொல்லையே இல்லை, அவை இரண்டும்தானே நர்ஸ் பிழைப்பு. எழுதுவதையும் ஒருவாறு சமாளித்துவிட்டாள். படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிதான் காலை வாரியது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அதில் மட்டும் மதிப்பெண் குறைந்தது. "இந்த வாட்டி வரலைன்னா அந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க மேடம்" என்று அந்த வேலையைப் பிடித்துத் தந்த ஏஜென்ட் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேலே ஹரிஹரன் என்கிற இளைஞன் பயிற்சி வகுப்பு நடத்தினான். வசுமதியைவிட வயசில் சின்னவன். மேடம், மேடம் என்று மரியாதையாகத்தான் பேசுவான், ஆனால் தவறான விடையைக் கண்டால் மரியாதை காணாமல் போய்விடும். தினம் ஒரு பத்தி படிக்கவேண்டும் என்பது அவன் சட்டம். பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. நூலக அறிவிப்பு, பஸ் நேரம் மாறிய செய்தி, ஒரு ஊரில் சந்தை கூடுகிற கதை, இப்படி அன்றாட விஷயங்கள். படித்துவிட்டுக் கீழே இருக்கும் வாக்கியங்களுக்கு எதிரே மூன்றில் ஒன்றைக் குறிக்கவேண்டும்: சரி, தவறு, சொல்லப்படவில்லை.

வசுமதி ரயிலில் படித்தாள், பிளாட்பாரத்தில் படித்தாள், குக்கர் விசில் எண்ணிக்கொண்டே படித்தாள். வார்த்தைகளில் சந்தேகம் இல்லை. சரி என்பதைச் சரியாகப் பிடித்துவிடுவாள். அந்த மூன்றாவது விடை மட்டும் அவள் கைக்கு வரவே வராது. எங்கெல்லாம் அதைப் போடவேண்டுமோ அங்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு "தவறு" என்று போட்டுவிடுவாள்.

"மேடம், இதப் பாருங்க." ஹரிஹரன் அவளுடைய தாளை நீட்டினான். நூலகத்தைப் பற்றிய பத்தி. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், உறுப்பினர் அட்டை கொண்டுவரவேண்டும், செய்தித்தாளை வெளியே எடுத்துப் போகக்கூடாது. அவ்வளவுதான் செய்தி. கீழே ஒரு வாக்கியம்: இந்த நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனி அறை உண்டு. "தவறுன்னு போட்டிருக்கீங்க. தனி அறை இல்லைன்னு இதுல எங்க இருக்கு?"

"இருக்குன்னும் இல்லையே சார்."

"அதேதான்! இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அப்போ?"

"இருந்தா எழுதியிருப்பாங்கல்ல?"

ஹரிஹரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நீங்க ஏன் மேடம் அவங்களுக்காக முடிவு பண்றீங்க?"

அவன்மேல் வசுமதிக்குக் கோபம் வந்தது. அவனுக்கு என்ன தெரியும்? வார்டில் காலெடுத்து வைத்த முதல் நாளிலிருந்து அவள் காதில் ஓதப்பட்ட பாடம் ஒன்றுதான். சார்ட்டில் எழுதவில்லையென்றால் அந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். ரத்த அழுத்தம் பார்த்தேன், எழுத மறந்துவிட்டேன் என்றால் மேட்ரன் ஒத்துக்கொள்ள மாட்டார். எழுதவில்லையா, பார்க்கவில்லை, முடிந்தது பேச்சு. அந்தக் கட்டுப்பாட்டில் ஊறிப்போன கைக்குக் காலியிடத்தைக் கண்டால் "இல்லை" என்றுதான் எழுத வரும். நர்ஸாக இல்லாத ஒருத்தி இந்தத் தப்பை இவ்வளவு உறுதியாகச் செய்திருக்க மாட்டாள்.

வார்டுப் பழக்கத்தோடு வீட்டுப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. அயர்லாந்துப் பேச்சு எடுத்த நாளிலிருந்து பிரவின்குமார் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "பாப்போம்" என்றான். அதோடு சரி. வசுமதி அதைப் போகாதே என்று எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவன் செய்ததெல்லாம் அவளுக்குச் சாட்சியாகவே பட்டது. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றால், நான் படிப்பில் இருக்கிறேனாம், குத்திக்காட்டுகிறார். உப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால், மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்.

சஹானாவின் தலைப்பின்னல் பெரிய சாட்சி. வசுமதிக்குக் காலை டியூட்டி என்றால் மகளை அவன்தான் கிளப்பி அனுப்பவேண்டும். பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், மடித்துக் கட்டவேண்டும். அவள் வேலை முடிந்து வரும்போது பார்த்தால் ஒரு பின்னல் காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று பிடரியில் தொங்கும், வகிடு பாம்பு போன வழியாக இருக்கும். "இன்னாடி இது கோலம்?" என்று அவிழ்த்துப் போட்டு மறுபடி பின்னுவாள். அவள் வீட்டில் இருக்கிற நாளில்கூட அவன் சீப்பை எடுப்பான். "வுடுங்க, நீங்க போட்டா ஸ்கூல்ல சிரிப்பாங்க" என்று பிடுங்கிக்கொள்வாள். அவன் நகர்ந்துவிடுவான். இவரால் ஒரு பின்னல் போட முடியவில்லை, நான் போனால் பிள்ளை கதி என்ன என்று ஒருநாள் அழுதாள். இன்னொரு நாள், நான் போகக்கூடாது என்றுதான் வேண்டுமென்றே கோணலாகப் போடுகிறார் என்று முடிவுகட்டினாள். பாவம் அந்த மனுஷன், இரண்டு வழக்கிலும் அவன்தான் குற்றவாளி.

பரீட்சைக்கு முந்தைய வாரம் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வண்டியில் மாமல்லபுரம் போனார்கள். அவன்தான் கூப்பிட்டான். "மூஞ்சே சரியில்ல உனக்கு, வா, காத்து வாங்கினு வரலாம்." திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் பரீட்சை வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அலை பெரிதாக இருந்தது. சஹானா கடலைப் பார்த்து, "அம்மா போற ஊரு இதுக்கு அந்தாண்டயா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு, அது வேற பக்கம்" என்றாள் வசுமதி.

"அங்க கடல் கீதா?"

"கீது."

அவ்வளவுதான் அவள் கேட்டது. மணலைத் தோண்டப் போய்விட்டாள். பிரவின்குமார் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். வசுமதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க யோசிக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

அந்த இரண்டு வார்த்தைக்குள் வசுமதி ஒரு முழுப் பிரசங்கத்தைக் கேட்டாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போகத் துணிந்துவிட்டாயே, உனக்கு மனசு இருக்கிறதா, ஊர் என்ன சொல்லும், என் அம்மாவிடம் நான் என்ன சொல்வேன், என்று அவன் வாயில் அவளே எல்லாவற்றையும் வைத்து, அவளே கேட்டு, அவளே கண்கலங்கினாள். கண்ணில் மணல் பட்டுவிட்டது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான்.  தேறினால் வீடு உடையும், தேறாவிட்டால் நான் உடைவேன் என்று அன்றைக்கு அவளுக்கு உறுதியாகிவிட்டது.

மறுநாள் மதிய டியூட்டி. காலை டியூட்டியில் இருந்த பிரதீபா கூடுவாஞ்சேரிப் பெண், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கெட்டிக்காரி, ஆனால் ரயிலைப் பிடிக்கும் அவசரம் எப்போதும் உண்டு. அன்று டியூட்டி மாறும் நேரத்தில் புதிதாக ஒரு நோயாளி வந்து சேர, இருவரும் அங்கே ஓட, பொறுப்பு ஒப்படைப்பது பாதியும் பேச்சு பாதியுமாக முடிந்தது. "அக்கா, வண்டிக்கு நேரமாச்சி" என்று பிரதீபா பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வசுமதி கட்டில் கட்டிலாகச் சார்ட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் பூவாயி அம்மா. கால் புண்ணோடு வந்தவர், சர்க்கரை எகிறிக்கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு இன்சுலின் போடவேண்டும். சார்ட்டில் அந்த ஊசிக்கு உரிய கட்டத்தில் கையெழுத்து இல்லை. வெறும் காலி.

எழுதவில்லையென்றால் போடவில்லை. அதில் என்ன சந்தேகம்? எதற்கும் இருக்கட்டும் என்று விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். அதிகமாகத்தான் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு வேறு வந்துவிட்டது. ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

"யம்மா, பூவாயி அம்மா, உங்களுக்கு இப்போ ஊசி போட்டாங்களா?"

"காலைலேர்ந்து குத்திகினேதான் கீறாங்க. எது எதுக்குன்னு எனக்கு இன்னா தெரியும்? ஒருத்தி ரத்தம் எடுக்கிறா, ஒருத்தி ஊசி போடறா, இப்போ நீ விரல்ல குத்தற."

"வயித்துல போட்டாங்களா?"

"போட்டா மாதிரியும் கீது. அது நேத்தா இருக்கும்."

வசுமதி சேலையை விலக்கி, பஞ்சை எடுத்துத் துடைத்தாள். ஊசியைப் பிடித்த கை அப்படியே நின்றது. நீங்க ஏன் மேடம் அவங்களுக்காக முடிவு பண்றீங்க என்று ஹரிஹரன் எரிச்சலோடு கேட்டது ஞாபகம் வந்தது. கட்டம் காலி. போட்டாள் என்றும் அதில் இல்லை, போடவில்லை என்றும் இல்லை. போட்டிருந்தால்? இப்போதுதான் போட்டிருந்தால் சர்க்கரை இறங்கியிருக்காது, அதிகமாகத்தான் காட்டும். அதற்குமேல் இன்னொன்றையும் போட்டால் கொஞ்ச நேரத்தில் பூவாயி அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டும், நினைவு தப்பும்.  ஊசியை ட்ரேயில் வைத்தாள்.

பிரதீபாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள், எடுக்கவில்லை. இதுவரை கற்பனையில் பார்த்த திருட்டும் தீயும் எல்லாம் ஒன்றுமேயில்லை என்று ஆகிவிட்டது. இது நிஜம், எதிரே கட்டிலில் உட்கார்ந்து பசிக்கிறது என்கிறது. போட்டிருந்தால் உடனே சாப்பிட்டாக வேண்டும். போடாமலிருந்தால், சாப்பிட்டபிறகு சர்க்கரை கூடினால் பார்த்துக்கொள்ளலாம், அது உயிருக்கு உலை வைக்காது. "நீங்க சாப்புடுங்கம்மா, எதிர்லயே நிக்கிறேன்" என்று தட்டைப் பிரித்துக் கொடுத்தாள். டியூட்டி டாக்டருக்கும் விஷயத்தைச் சொன்னாள். மூன்றாவது தடவை போன் போட்டபோது ரயில் இரைச்சலோடு பிரதீபாவின் குரல் கேட்டது.

"அக்கா, பரனூர்ல நிக்குது வண்டி. இன்னாக்கா?"

"பூவாயி அம்மாவுக்கு மத்தியான இன்சுலின் போட்டியா, இல்லியா?"

"போட்டேன்கா. போட்டுட்டு எழுதப்போறதுக்குள்ள அட்மிஷன் வந்துட்ச்சே..." பேச்சு அறுந்தது. பிறகு, "ஐயோ. நான் எழுதலையா? அக்கா, நீங்க போட்டுட்டீங்களா?" என்று அழுகிற குரலில் கேட்டாள்.

"போடல. அழுவாத. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வந்ததும் நேரத்தப் போட்டு எழுதிடு."

போனை வைத்துவிட்டுப் பூவாயி அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.  பூவாயி அம்மா கவலையே இல்லாமல், "ரசத்துல உப்பு இல்ல" என்றார். இத்தனை வருஷமாகத் தன்னைக் காப்பாற்றிய கட்டுப்பாடு இன்றைக்கு ஒரு உயிருக்கு உலை வைக்கப் பார்த்ததே என்று வசுமதி நினைத்துக்கொண்டாள். எழுதுகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு சரி. படிக்கிறவளுக்கு அது போதாது. காலியிடத்தைப் படிக்கிறவள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்த வாரம் அவள் படித்த பத்திகளில் மூன்றாவது விடை ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டாள். இதை இவர்கள் சொன்னார்களா, நான் சொல்லிக்கொள்கிறேனா? ஹரிஹரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன மேடம் ஆச்சு?" என்றான். சொன்னால் மருத்துவமனை மானம் போகும் என்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

பரீட்சை சென்னையில் நடந்தது. ஏசி குளிரில் விரல் விறைத்தது. பழைய ரயில்பாதை ஒன்றை நடைபாதையாக மாற்றிய கதை வந்தது. கீழே, அந்த ஊர் ஜனங்கள் அதை எதிர்த்தார்கள் என்று ஒரு வாக்கியம். எதிர்த்திருந்தால் எழுதியிருப்பார்களே என்று பழைய மனசு குறுக்கே விழுந்தது. பேனா "தவறு" வரைக்கும் போய் நின்றது. யார் சொன்னது, என்று கேட்டுக்கொண்டு மூன்றாவதைக் குறித்தாள். வெளியே வந்தபோது தேறிவிடுவோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதோடு விட்டுவிடவும் முடியவில்லை. முடிவு வரும்வரை ரயிலில் அவள் மனசுக்குள் தினம் ஒரு தடவை தோற்றுக்கொண்டேதான் இருந்தாள். பழக்கம் பரீட்சைத்தாளில் மாறும், ஆளிடம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

முடிவு வந்தது ஒரு காலை நேரத்தில். அவளுக்கு மதிய டியூட்டி. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் சஹானா சீருடையோடு உட்கார்ந்திருக்க, பிரவின்குமார் சீப்போடு பின்னால் நின்றான். போன் மின்னியது. வசுமதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு நேரே வேண்டிய மதிப்பெண் இருந்தது, அதற்கு மேலேயே இருந்தது. இரண்டு முறை படித்தாள், மூன்றாவது முறை பெயரைச் சரிபார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"ரிசல்ட் வந்துட்ச்சி. பாஸ்."

பிரவின்குமார் நிமிர்ந்தான். "ஓ" என்றான். மறுபடி குனிந்து மகளின் தலையில் வகிடு எடுக்க ஆரம்பித்தான்.

ஓ! அவ்வளவுதானா? பிடிக்கவில்லை, போகாதே என்றுதானே அர்த்தம், இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ஒரு எழுத்தா என்று வசுமதியின் மனசு கிடுகிடுவென்று பிரசங்கத்தை எழுத ஆரம்பித்தது. பாதியில் அவள் நிறுத்தினாள். பூவாயி அம்மாவின் வயிற்றுக்கு நேரே ஊசியோடு நின்றபோது வந்த அதே கேள்வி இப்போதும் வந்தது. இந்த வீட்டில் காலியாகக் கிடந்த கட்டத்தை இத்தனை மாசம் அவள்தானே நிரப்பிக்கொண்டிருந்தாள்? அவனிடம் ஒரு தடவையாவது நேராகக் கேட்டாளா?  பதில் கெட்டதாக இருந்துவிட்டால் அதை மாற்ற முடியாதே என்று பயமாக இருந்தது. இருந்தும் கேட்டாள்.

"ஏங்க. நான் போவட்டுமா, வேணாமா?"

சீப்பு நின்றது. "நான் இன்னா சொல்லுவன்னு நெனைக்கிற?"

"நெனைக்கல. கேக்கிறேன்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளும் அந்த இடைவெளியில் எதையும் போட்டு நிரப்பாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போவாதன்னு சொன்னேனா நானு?" என்றான்.

"இல்ல."

"போன்னு சொன்னேனா?"

"அதுவும் இல்ல."

"எனக்கே தெர்ல வசு, அதான் சொல்லல. மொத வாட்டி நீ ஃபெயிலானப்போ உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சி. அப்புறம் நீ பாத்ரூம்ல கொழாயத் தொறந்துவுட்டு அழுவற. வெளிய நின்னு கேட்டுகினு கீறேன். சே, நாமெல்லாம் ஒரு மனுசனான்னு ஆயிட்ச்சி." அவன் ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். "நீ இல்லாத வூட்ட நெனச்சா பயமாத்தான் கீது. பீச்சுல அன்னிக்கி அதான் யோசிச்சிகினு இருந்தேன். இந்த ஆளு பயப்படறான்னு தெரிஞ்சா நீ போவமாட்ட. அதான் ஒண்ணும் இல்லன்னேன். போ வசு. போய்ட்டு எங்களையும் கூப்டுக்கோ."

 வசுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறை குழாயைத் திறந்துவிட அவகாசம் இல்லை.

சஹானா தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டிச் சொன்னாள். "அம்மா, அப்பா டெய்லி போன்ல வீடியோ பாத்துப் பின்னக் கத்துக்கிறாரு. நீ ஊருக்குப் போனா யாரு போடறதுன்னு. என் பொம்மைக்குக்கூடப் போட்டுப் பாத்தாரு. நீதான் எப்பப் பாத்தாலும் அவுத்துடற."

"ஏய், சும்மா இரு, ஆடாத" என்று பிரவின்குமார் அதட்டினான். காது சிவந்துவிட்டது.

அவிழ்த்துப் போட்ட ஒவ்வொரு பின்னலும் வசுமதியின் கண்முன் வந்து நின்றது. எத்தனை சாயந்திரம்! உச்சுக்கொட்டிக்கொண்டு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வெட்கமாக இருந்தது அவளுக்கு. 

அவன் பின்னி முடித்தான். வலதுபக்கப் பின்னல் இடதைவிட இரண்டு விரல் மேலே நின்றது. வகிடு நடுவில் ஒரு இடத்தில் வளைந்து போயிருந்தது. வசுமதியின் விரல்கள் பரபரத்தன. மடியில் இரண்டு கையையும் கோத்து இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"எப்டி கீது?" என்று கேட்டான் அவன்.

"கோணலாத்தான் கீது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையில் விழுந்திருந்த இன்னொரு ரிப்பனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.